உங்களுக்குத் தெரியுமா? கடைக்கு இணையத் தொலைபேசி

★ 1999-இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர் சொந்தமாக ஒரு சிறு கணினி நிறுவனம் தொடங்கினார். அலுவலகத்துக்கு ஒரு இ.பி.ஏ.பி.எக்ஸ். (உள் தொலைபேசி இணைப்பகம்) வாங்கலாம் என்று விசாரித்தால், விலை கட்டுப்படியாகவில்லை. அந்த வேலையைச் செய்யும் மென்பொருளைத் தானே எழுதிக்கொண்டார். அதுதான் இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் ‘ஆஸ்டெரிஸ்க்’.

★ இணையத்தில் பேச 100 எம்பி வேகமெல்லாம் வேண்டாம். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஒரு அழைப்புக்கு, போகவும் வரவும் தலா சுமார் 90 கிலோபிட் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிக்குள் அடங்கிவிடும். வேகத்தைக் காட்டி விலையை ஏற்றுபவரிடம் உஷார்!

★ பேச்சைக் கெடுப்பது தாமதம். குரல் மறுமுனைக்குப் போய்ச்சேர 150 மில்லிவிநாடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதைவிட மிகவும் கூடினால் இருவரும் ஒன்றாகப் பேசத் தொடங்கி, ஒன்றாகவே நிறுத்தி, “நீங்க சொல்லுங்க”, “இல்லை, நீங்க சொல்லுங்க” என்று உபசாரம்தான் நடக்கும். தாமதம் சீராக இல்லாமல் ஏறி இறங்கினால் இன்னும் மோசம். குரல் துண்டு துண்டாக விழும். விற்க வருபவரிடம் வேகத்தை விட்டுவிட்டுத் தாமதத்தைப் பற்றிக் கேளுங்கள்.

★ ‘99.9 சதவீதம் தடையில்லா சேவை’ என்றால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 8 மணி 45 நிமிடம் போன் செத்துக் கிடக்கலாம் என்று பொருள். 99.99 என்றால் 53 நிமிடம்.

★ பழைய தரைவழித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊரே இருண்டாலும் பேசலாம். இணையத் தொலைபேசிக்கு அந்த வசதி கிடையாது. மோடம், ரவுட்டர், போன் எல்லாவற்றையும் யூ.பி.எஸ்.ஸில் இணையுங்கள்.

★ போனிலும் திருடர்கள் உண்டு. ‘1234’ போன்ற பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே நுழைந்து, கடை மூடிய ராத்திரியில் கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு இடைவிடாமல் அழைப்பார்கள். பில் உங்களுக்கு வரும்! ஐ.எஸ்.டி. தேவையில்லை என்றால் முதல் நாளே அடைத்துவிடச் சொல்லுங்கள். தேவை என்றால் தினசரி உச்சவரம்பு வையுங்கள்.

★ முன்பணம் கட்டும் முன் இணைப்பைச் சில நாள் இலவசமாகத் தரச் சொல்லுங்கள். சோதிப்பதைக் காலை அமைதியில் செய்யாதீர்கள். வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில், கடைப் பையன் அதே இணைப்பில் மொபைலில் வீடியோ பார்க்கும்போதே பேசிப் பாருங்கள்.