மரிகோபா: வாய்க்காலில் வளர்ந்த பாலைவனம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள மரிகோபா, நம் மாவட்டத்தைப் போன்ற ஒரு ‘கவுன்ட்டி’. பீனிக்ஸ் அதன் தலைநகர். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே 44 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். அமெரிக்கக் கவுன்ட்டிகளில் மக்கள்தொகையில் நான்காம் இடம். இத்தனைக்கும் அது சோனோரன் பாலைவனம். பீனிக்ஸில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 20 சென்டிமீட்டரை ஒட்டித்தான். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஆண்டு கவுன்ட்டியில் வெப்பத்தால் இறந்தவர்கள் 600 பேருக்கும் மேல்.

அங்கே மனிதர்களை வாழவைத்தவை சால்ட், கிலா என்ற இரண்டு ஆறுகள். கல்லையும் மரக்கருவிகளையும் மட்டுமே வைத்துக்கொண்டு முற்காலத்தில் ஹோஹோகாம் என்ற மக்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டி, மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்தார்கள். 15ஆம் நூற்றாண்டுவாக்கில் அவர்களுடைய ஊர்கள் காலியாகிவிட்டன. 1867இல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் பாசனக் கம்பெனி தொடங்கியபோது, அந்தப் பழைய தடங்களையே பின்பற்றி மறுபடி தோண்டினார்கள். பீனிக்ஸ் பிறந்தது அப்படித்தான். 1871இல் கவுன்ட்டி உருவானது. கிலா ஆற்றங்கரையில் பீமா மக்களோடு சேர்ந்து வாழ்ந்த மரிகோபா மக்களின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

பெயர் கொடுத்தவர்களுக்கும் அவர்களோடு வாழ்ந்த பீமாக்களுக்கும் தண்ணீர் மிஞ்சவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் மன்னிக்க முடியாத பகுதி. பீமாக்கள் ஒருகாலத்தில் அவ்வழியே கலிபோர்னியா போனவர்களுக்குக் கோதுமை விற்ற நல்ல விவசாயிகள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், மேல்மடையில் குடியேறியவர்கள் கிலா ஆற்றைத் திருப்பிக்கொள்ள, பீமாக்களின் வயல்கள் காய்ந்து பஞ்சம் வந்தது. நகரமோ 1911இல் ரூஸ்வெல்ட் அணையைப் பெற்றது. பின்னர் கொலராடோ ஆற்றிலிருந்து 541 கிலோமீட்டர் நீளக் கால்வாயும் வந்தது; அந்தத் தண்ணீர் 1985இல் பீனிக்ஸை எட்டியது.

பழங்குடிகள் இழந்த தண்ணீர் உரிமை சட்டப்படி திரும்பியது 2004இல்தான். அன்று முதல் அந்தக் கால்வாய் நீரில் மிகப் பெரிய தனிப்பங்கு பீமா, மரிகோபா மக்கள் வாழும் கிலா ஆற்றுப் பழங்குடிச் சமூகத்துக்கு உரியது. கொலராடோ ஆற்றில் நீர் குறைந்துபோன நிலையில், 2023இல் தங்கள் பங்கில் ஒரு பகுதியை அந்த ஆற்றின் மீட் நீர்த்தேக்கத்திலேயே விட்டுவைக்க அவர்கள் மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.