எச்.ஐ.வி. மருந்துகளால் நேரும் தீங்குகள்

எச்.ஐ.வி. கண்டவர்களுக்கு இந்திய அரசாங்கம் இலவச மருந்து அளிக்கத் தொடங்கியது 2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலாகும். அக்காலத்து மருந்துகளுள் ஒன்றாகிய ஸ்டாவுடின் உயிரைக் காத்தது. ஆயினும் பாதங்களில் எரிச்சலை உண்டாக்கிற்று. கன்னத்துக் கொழுப்பையும் கரைத்தது. 2009இல் உலகச் சுகாதார நிறுவனம் அதனைப் படிப்படியாக விலக்குமாறு கூறியது.

‘பக்க விளைவு’ என்று நாம் மொழிபெயர்த்து வழங்கும் சொல், துன்பத்தைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. மருந்துத் தீங்கு என்பதே பொருந்தும். அதனைத் தாளாமல் நோயாளி தாமாகவே மருந்தை விட்டுவிடுவதுதான் பெரிய அபாயம். விட்டால் கிருமி மீண்டும் பெருகும். சில மருந்துகள் ரத்தத்தினின்று விரைவில் நீங்க, வேறு சில தங்கி நிற்குமாதலால், எஞ்சிய மருந்தை எதிர்க்கும் வன்மையையும் அது பெறக்கூடும்.

இன்று பெரும்பாலோர் உண்பது டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை. தொடக்கத்தில் தோன்றும் குமட்டலும் தலைவலியும் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். உறக்கம் கெடுமாயின், மாத்திரையைக் காலையில் உண்ணலாமா என மருத்துவரைக் கேட்கலாம். டெனோபோவிர் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். ரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. அமில நீக்கி மருந்துகள் டோலுடெகிராவிர் உடலிற் சேர்வதைத் தடுக்கும்; ஆதலின் அவற்றை உண்பதற்கு 2 மணி முன்னரோ, உண்ட 6 மணிக்குப் பின்னரோ மாத்திரையை உண்ண வேண்டும். காசநோய்க்கு ரிபாம்பிசின் பெறுவோர்க்கு டோலுடெகிராவிர் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

அபாகாவிர் என்னும் மருந்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சிலருக்கு, பெரும்பாலும் முதல் 6 வாரங்களுக்குள், காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவை ஒருங்கே தோன்றும். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இது அபாகாவிரின் ஒவ்வாமையே என மருத்துவர் கருதி நிறுத்திய பின், எத்தனை ஆண்டு கழிந்தாலும் அம்மருந்தை மீண்டும் ஒரு மாத்திரைகூட உண்ணலாகாது. உண்டால் உயிருக்கே ஆபத்து. இதனை நோயாளியின் சிகிச்சை அட்டையில் எழுதியிருக்கிறார்களா என்று கள ஊழியர் பார்ப்பது நலம். நெவிராபைன் உண்போர்க்குத் தடிப்புடன் வாய்ப்புண்ணோ கண் மஞ்சளோ காணுமாயின் அதுவும் தாமதிக்கத்தக்கதன்று.

மருந்துண்ணும் மாணவர் வகுப்பில் சோர்ந்திருத்தலை ஆசிரியர் முதலில் காணலாம். பெற்றோரிடம் தனியே பேசுக. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் நிலையை இசைவின்றிப் பிறருக்கு வெளியிடலாகாது.

தீங்குகளைத் தெரிவிக்க 2010 முதல் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் உள்ளது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருந்துதான் காரணமென்று மெய்ப்பித்தல் வேண்டா, ஐயமே போதும். நோயாளியும் தாமே தெரிவிக்கலாம்.