மேடைப் பாட்டும் பக்கவாத்தியமும்

பெங்களூரில் பாட்டுக் கச்சேரி என்றதும் 1905-இல் தோன்றிய கானசமாஜமும், 1939 முதல் இராமநவமிதோறும் சாமராஜப்பேட்டையில் இசைவிழா நடத்திவரும் ஸ்ரீராமசேவா மண்டலியுமே பலருக்கு நினைவுக்கு வரும். அவை பெரிய இடங்கள். அவற்றைப் பற்றி எழுத வல்லோர் பலர் உளர். நான் எழுத எடுத்துக்கொண்டதோ, காக்ஸ் டவுனை அடுத்த ஜீவனஹள்ளியில் ஒரு தெருமுனையில் போட்ட மேடையைப் பற்றி. அங்கே அன்று பாடியவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்தவரே. ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், கல்லூரி மாணவியர் இருவர். இவர்களோடு நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் நானும்.

1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தபோது படையோடும் பணியோடும் வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள். ஆடியில் அம்மன் திருவிழா, ஆவணியில் பிள்ளையார், நவம்பரில் கன்னட ராஜ்யோத்சவம் என்று மேடை மாறி மேடை வந்துகொண்டே இருக்கும். ஆகவே இப்பகுதி மெல்லிசைக் குழுவினர் நான்கு மொழிப் பாட்டும் அறிந்திருக்க வேண்டும். அன்று பிள்ளையார் பாட்டு முடிந்ததும் பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிய கன்னடப் பாட்டு ஒன்றை ஆட்டோக்காரர் எடுத்தார். ராஜ்குமாருக்குப் பாடிய அதே குரல்தானே நமக்கு ஜெமினி கணேசனின் குரல்! தெருவின் இரு பக்கத்தவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். பாட்டின் இசையை மட்டும் பதிந்த கரோக்கியைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு, குழுவினரின் துணை எனக்குத் தேவையில்லை என்ற துணிவோடு மாலை ஒத்திகைக்குப் போனேன். குழுவின் தலைவர் கீபோர்டு வாசிக்கும் பெரியவர். "பாடுங்க தம்பி, கேட்போம்" என்றார். பல்லவியில் தப்பித்தேன். சரணத்தின் உச்சியில் குரல் பிளந்தது. அதைவிடக் கொடுமை அடுத்தது. இடையிசை முடியுமுன் ஒரு தட்டு முந்திக்கொண்டு பாடத் தொடங்கிவிட்டேன். நானும் இசையும் இரண்டு ரயில்களைப் போல வேறு வேறு தண்டவாளத்தில் ஓடினோம். எதிரே உட்கார்ந்திருந்த சிறுவர்கள் சிரித்ததில் தவறே இல்லை.

பெரியவர் சிரிக்கவில்லை. "அதை நிறுத்திட்டு, ஒரு வரி சும்மா பாடுங்க" என்றார். நான் பாடப் பாட அவர் விரல்கள் கட்டைகளில் எதையோ தேடின. "நீங்க ஒண்ணுல இருக்கீங்க தம்பி. பாட்டு இரண்டரையில இருக்கு. அதான் சிக்கல்" என்றார்.

இந்தக் கணக்கு நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அன்றுதான் விளங்கிற்று. ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டை ஒன்று. மேலைநாட்டார் அதை 'சி' என்பர். அதற்கும் அடுத்த வெள்ளைக்கும் நடுவிலுள்ள கறுப்பு ஒன்றரை. இப்படியே இரண்டு, இரண்டரை, மூன்று என ஏறும். மூன்றரை என்று ஒன்று கிடையாது. மூன்றாம் வெள்ளைக்கும் நான்காம் வெள்ளைக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை அன்றோ? ஆண்கள் பெரும்பாலும் ஒன்றையும் இரண்டையும் ஒட்டியும், பெண்கள் ஐந்தை ஒட்டியும் பாடுவர். திரைப்பாட்டோ பின்னணி பாடியவரின் குரலுக்கென்று கட்டை குறித்து அமைந்தது. அவருக்கு எளிதாக எட்டும் உச்சி நமக்கு எட்டவேண்டும் என்பது என்ன கட்டாயம்? பாட்டு முழுவதையும் சேர்த்து இறக்கிவிட்டால் இராகமும் மெட்டும் கெடுவதில்லை, பாடுபவன் பிழைக்கிறான்.

ஆனால் இறக்குவது எல்லாருக்கும் ஒன்றுபோல் எளிதன்று. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போயிற்று. தபேலாக்காரரின் பாடுதான் பெரிது. வலக்கைத் தபேலா பாடுபவரின் சுருதிக்குச் சேரவேண்டும். சுத்தியால் விளிம்பைத் தட்டியும் கட்டைகளை நகர்த்தியும் சற்றே ஏற்றலாம், இறக்கலாம். அதற்குமேல் தோல் இடம் கொடாது. ஆகவே ஆசிரியைக்கு ஒன்று, ஆட்டோக்காரருக்கு வேறொன்று என்று அவர் மூன்று தபேலாக்களைச் சுமந்து வந்திருந்தார். திரைப்படத்தில் வயலின்காரர் பலர் வரிசையாக அமர்ந்து வாசித்ததைக் கீபோர்டுக்காரர் இடக்கையால் சமாளிப்பார். குழலுக்கும் வீணைக்கும் வலக்கை. எந்தப் பாட்டில் எந்த இடையிசை, எவ்வளவு வேகம், யாருக்கு எந்தக் கட்டை என்பதெல்லாம் எண்ணெய் படிந்த ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க ஆசையாக இருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது.

இரவு மேடையில் அதே இடத்தில் மறுபடியும் முந்திக்கொண்டேன்! பழக்கம் எளிதில் போகுமா? ஆனால் இம்முறை பெரியவர் இடையிசையின் கடைசித் துண்டை விழுங்கிவிட்டு என்னோடு வந்து சேர்ந்தார். தபேலாவும் ஒரு புரட்டில் சேர்ந்துகொண்டது. கேட்டவர்களுக்கு அப்படித்தான் பாட்டு என்று தோன்றியிருக்கும். கட்டையைக் குறைக்கும் வசதி இன்று கைபேசியிலும் உண்டு. தவறியவனோடு வந்து சேர்ந்துகொள்ளும் வசதி நான் கொண்டுபோன பதிவில் இல்லை.

கரோக்கி பிறந்த கதையை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜப்பானில் கோபே நகரத்து மதுக்கூடங்களில், பாட ஆசைப்படும் வாடிக்கையாளருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர் டைசுகே இனோவே. நிறுவனத் தலைவர் ஒருவர் தம் ஊழியரோடு செல்லும் பயணத்துக்கு வந்து வாசிக்கும்படி அவரை அழைத்தார். போக முடியாத இனோவே, அம்மனிதரின் பாடும் முறைக்கு ஏற்றபடி வாசித்து நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து 1971-இல் காசு போட்டால் இசைக்கும் பெட்டி பிறந்தது. அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. பக்கவாத்தியக்காரரின் பிழைப்பைப் பறித்த கருவியைச் செய்தவர் ஒரு பக்கவாத்தியக்காரர்தாம். ஆனால் அந்த முதல் நாடா ஒருவர் குரலை அறிந்து செய்தது. நான் எடுத்துப்போனது யாருடைய குரலையும் அறியாதது.

நம் நாட்டிலும் மேடைக் குழு எளிய பள்ளிக்கூடமாக இருந்ததில்லை. பாவலர் வரதராசன் தம் தம்பியரோடு ஊர் ஊராகப் பாடிய மேடைகளில்தான் இளையராஜா வளர்ந்தார். பின்பு எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் சகோதரர்களோடு வாசித்தார். கன்னடத் திரையிசையில் புகழ்பெற்ற ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும் இருந்தார். 'அன்னக்கிளி' வெளிவந்த 1976-க்கு முன் அவர் பிறருடைய பாட்டுக்கு எத்தனையோ இரவுகள் துணை வாசித்தவர்.

ஜீவனஹள்ளிக் குழுவில் முன்பு பதினொருவர் இருந்தனராம். இப்போது ஐவர். டிரம்ஸ்காரரின் இடத்தில் மின்தட்டுப் பலகை ஒன்று நிற்கிறது. பேஸ் கிதார்க்காரர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். நேரமும் சுருங்கிவிட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. தெருமுனை மேடைக்கு அந்தச் சலுகை அன்று கிட்டவில்லை. உறங்குவோரை எண்ணினால் இவ்விதி நல்லதே. நான் குறை சொல்லேன். ஆனால் ஏழு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சியில் பிரமுகர்களின் பேச்சு ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடுகிறதே, அதைத் தடுக்க விதி ஒன்றும் இல்லை.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் உண்டு. சென்ற பொங்கல் விழாவில் நம் மன்றத்தார் எல்லாரும் கரோக்கியை வைத்தே பாடினோம். நான்கு பேர் பாதியில் நிறுத்தினார்கள். அவர்களில் இருவர் அதன்பின் மேடை ஏறவே இல்லை. இவ்வாண்டு இக்குழுவை அழைக்கலாம் என்று செயற்குழுவில் சொன்னேன். பொருளாளர் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், இன்னும் கையெழுத்திடவில்லை. பேருந்துச் செலவும் இரவு உணவும் தந்தால் மீதியைப் பேசிக்கொள்ளலாம் என்கிறார் பெரியவர். அவர் கேட்பது இன்னொன்றும் உண்டு: பாடுபவர்களின் கட்டை முன்கூட்டியே தெரியவேண்டும்.

கட்டை தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டா. வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர் நம் மன்ற அறைக்கு நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார். ஒரு வரி பாடினால் போதும். பொருளாளரும் வரவேண்டும், அவர் குளியலறையில் பாடுவதை விடுதி முழுவதும் கேட்டிருக்கிறது.