பேச்சை அளக்கும் விஞ்ஞானம்

மனிதர் ஒருவரோடொருவர் பரிமாறும் செய்தியை அளக்க இயலுமா? 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி கிளாடு ஷானன் இதற்கு வழி வகுத்தார். முன்கூட்டியே ஊகிக்கத்தக்கது குறைந்த தகவலையும், எதிர்பாராதது மிகுந்த தகவலையும் தரும் என்பது அவரது கொள்கையின் அடிப்படையாகும்.

தமிழிலிருந்தே ஓர் உதாரணம் காண்போம். ‘ங்’ என்னும் எழுத்தையடுத்துப் பெரும்பாலும் ககர வரிசையே வரும். ஆகவே அங்கு ககரம் தரும் புதுத் தகவல் மிகச் சிறிதே. எனினும் இம்மிகை வீணன்று. தந்தியில் ஓரெழுத்து பிழைபட்டாலும் சொல்லை உணர அது துணைபுரியும்.

பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் இம்முறையால் இந்திய மொழிகளின் செய்தித்திறனை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அவர்களது நூல் 1962-இல் வெளிவந்தது. மறு ஆண்டில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, தமிழ் உரைநடையை அளந்து கட்டுரை வெளியிட்டார்.

பெங்களூருக் குழுவினருள் ஒருவரான பிஷ்ணு அடல் 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஊகித்தலைப் பேச்சொலிக்குப் பயன்படுத்தும் வழியை, அங்கு மன்ஃப்ரெட் ஷ்ரோடருடன் 1960-களின் பிற்பகுதியில் வகுத்தார். முன் ஒலித்த பகுதியைக் கொண்டு அடுத்ததைக் கணிக்கலாம். கணிப்புக்கான குறிப்புகளையும், கணிப்புக்கும் உண்மை ஒலிக்கும் உள்ள வேறுபாட்டையும் மட்டும் அனுப்பினால் போதும். இதன் வழிவந்த முறைகளே கைப்பேசியில் குரலைச் சுருக்கி அனுப்ப உதவின.

ஆயினும் இவ்வாறு அளக்கப்படுவது குறிகளே, பொருள் அன்று. ‘வா’ என்பது அழைப்பா, கட்டளையா, கேலியா என்று அறிய மொழியியலும் உளவியலும் துணை வேண்டும்.