சினிமாப் பாட்டு வாசித்தோம், கோப்பை போச்சு!

ஆரணி,-
பள்ளிக்கூட பேண்டு போட்டியில் ஜெயிப்பதும் தோற்பதும் மைதானத்தில் மட்டும் தீர்மானம் ஆவதில்லை. எந்தப் பாட்டு என்று வாத்தியார் முடிவு செய்கிற அன்றைக்கே பாதி முடிந்துவிடுகிறது.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். விவரம் வருமாறு:-

முள்ளிப்பட்டில் தறிச் சத்தத்தில் வளர்ந்த பையன்கள் நாங்கள். 12 வருஷத்துக்கு முன்பு பள்ளி பேண்டில் நான் சைடு டிரம். போட்டிக்கென்று ஒரு சினிமாப் பாட்டை இரண்டு மாதம் பழகினோம். ஒத்திகைக்கே தெரு கூடிவிடும். தறியை நிறுத்திவிட்டு வந்து கை தட்டினார்கள்.

போட்டி அன்று காலையில்தான் குண்டு விழுந்தது. தேசபக்திப் பாட்டு மட்டும்தான் என்று சுற்றறிக்கையில் தெளிவாகப் போட்டிருந்ததாம். அந்தக் காகிதம் பள்ளி ஆபீஸ் டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது!

வாசித்தோம். கை தட்டல் கிடைத்தது. மார்க் கிடைக்கவில்லை. பேஸ் டிரம் அடித்த பையன் பஸ் ஏறும் வரை அழுதான்.

டெல்லி வரை போகலாம்

இப்போது போட்டி பெரிசாகிவிட்டது. கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து, குடியரசு தின விழாவை ஒட்டி அகில இந்திய பள்ளி பேண்டு போட்டி நடத்துகின்றன. 2025 ஜனவரி 24, 25 தேதிகளில் டெல்லி மேஜர் தயான்சந்த் ஸ்டேடியத்தில் நடந்த இறுதிப் போட்டிக்கு 16 அணிகள், 466 பிள்ளைகள் போனார்கள். முதல் பரிசு 21 ஆயிரம் ரூபாய். தேசபக்தியை வளர்ப்பதுதான் போட்டியின் நோக்கம் என்று அரசே சொல்கிறது. அங்கே போய்க் குத்துப்பாட்டு வாசித்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இந்தக் குழப்பம் குறைவு. யு.ஐ.எல். என்ற அமைப்பு, 1 முதல் 5 வரை தரம் பிரித்துப் பாட்டுப் பட்டியலே வெளியிடுகிறது. வாத்தியார் அதைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்பது சுரம்தான்!

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாத்தியமும் இடம் கொடுக்க வேண்டும்.

பியூகிளில் பொத்தான் கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் எடுக்கிற ஐந்தாறு சுரம்தான். பை வைத்து ஊதும் பேக்பைப்பில் மொத்தம் ஒன்பது சுரம். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவது, மெதுவாக ஊதுவது எல்லாம் அதில் நடக்காது. சங்கதி நிறைந்த பாட்டை அதில் ஏற்றினால் கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வார்.

அட்டை பார்க்காமல் தறியில் பேட்டு போடுவானா நெசவாளி? அது மாதிரிதான் இதுவும்.

பட்டாளத்திலும் மாறியது

பாட்டுப் பட்டியல் கல்வெட்டு இல்லை. ஜனவரி 29-ந் தேதி டெல்லியில் நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில், காந்திஜிக்குப் பிடித்த 'அபைட் வித் மீ' என்ற கிறிஸ்தவ கீதத்தைப் பல வருஷமாக வாசித்து வந்தார்கள். 2022-ல் அதை நீக்கிவிட்டு 'ஏ மேரே வதன் கே லோகோ' பாட்டைச் சேர்த்தார்கள். பெரிய சர்ச்சை கிளம்பியது.

1963-ல் நேருவின் முன்னால் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு அது. சினிமாப் பாட்டு என்று நினைக்கிறவர்கள் உண்டு. படத்துக்காக எழுதியது அல்ல.

நம் ஊர்ச் சரக்கும் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சுமார் 40 பாட்டு கட்டினார். 'நோட்டு ஸ்வரம்' என்று பெயர். எல்லாம் சங்கராபரணம். பேண்டில் பிறந்த மெட்டு, பேண்டுக்குச் சுலபமாகத் திரும்பும். தேசபக்தி மட்டும் என்று போட்ட இடத்தில் செல்லாது. பாட்டு உங்கள் இஷ்டம் என்று விட்ட இடத்தில் ஜோராக எடுபடும். எந்த வாத்தியாராவது முயற்சி பண்ணலாம்.

அன்றைக்கு அழுத பேஸ் டிரம் பையன் இப்போது தறி நெய்கிறான். அவன் அண்ணன் மகள் இந்த வருஷம் பேண்டில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி:

"டேய், சர்க்குலர் வந்துடுச்சா?"