கசடு பிழிந்த நீரும் செந்நிற நுண்ணுயிரும்

கழிவுநீர்க் கசட்டைக் காற்றுப்புகாத கலன்களில் செரிக்கவைத்து எரிவாயு எடுக்கும் நிலையங்கள், வாயுவின் கணக்கைப் பெருமையுடன் காட்டுமளவுக்கு, செரித்த கசட்டைப் பிழிகையில் வடியும் நீரின் கணக்கைக் காட்டுவதில்லை. புரதங்கள் சிதைந்து விடுவித்த அம்மோனியம் அந்நீரில் பெரும்பாலும் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் அளவில் கரைந்திருப்பதால், அதனை நிலையத்தின் தலைவாயிலுக்கே திருப்பிவிடும்போது, வரும் நீரில் நூற்றில் ஓரிரு பங்கே ஆன அது நைட்ரஜன் சுமையில் ஐந்திலொரு பங்கு வரை ஏற்றிவிடுகிறது. காற்றூட்டி அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கி, பின்னர் கரிமப்பொருளை உண்ணும் பாக்டீரியாக்களைக் கொண்டு நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்குவது பழைய வழி. ஆனால் கரிமம் பெரும்பாலும் எரிவாயுவாகப் போய்விட்டதால் மெத்தனாலை விலைக்கு வாங்கி ஊற்ற வேண்டியிருந்தது. ஓர் எரிபொருளை எடுப்பதற்காக இன்னோர் எரிபொருளைக் கொட்டுவது சிக்கனமாகாது.

அம்மோனியத்தை ஆக்சிஜனின்றியே உண்டு வாழும் உயிர் இருந்தாக வேண்டும் என்று ஆஸ்திரிய வேதியியலாளர் எங்கல்பெர்ட் புரோடா 1977இல் வெப்ப இயக்கவியல் கணக்கைக் கொண்டே கூறியிருந்தார். 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஓர் ஈஸ்ட் ஆலையின் கழிவுநீர்க் கலனில் அது வெளிப்பட்டது, 1999இல் இனங்காணப்பட்டது. அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் இணைத்து நைட்ரஜன் வாயுவாக்கும் இவ்வினை அனமாக்ஸ் எனப்படுகிறது. அம்மோனியத்தில் பாதியைச் சற்று மீறிய அளவை மட்டும் நைட்ரைட்டாக்கிக் கொடுத்தால் போதுமென்பதால் மெத்தனால் தேவையற்றுப்போகிறது, காற்றூட்டும் செலவும் பாதிக்குக் கீழே இறங்குகிறது. சிறு பங்கு மட்டும் நைட்ரேட்டாக எஞ்சுகிறது.

இவ்வுயிரின் உள்ளமைப்பே பெருவியப்பு. ராக்கெட்டுகளில் எரிபொருளாகும் நச்சுப்பொருளான ஹைட்ரசீனை இது வினையின் இடைநிலையில் தானே ஆக்கிக்கொண்டு, செல்லுக்குள் சவ்வால் சூழப்பட்ட தனியறையில் வைத்துச் சிதைக்கிறது. நாற்கரிம வளையங்கள் ஏணிப்படிபோல் ஒட்டிய கொழுப்புகளால் நெய்யப்பட்ட அச்சவ்வு ஹைட்ரசீன் கசியாமல் காப்பதற்கே அமைந்தது என்று முதலில் கருதப்பட்டது. அது தடுப்பது ஹைட்ரசீனையன்று, புரோட்டான்களின் கசிவையே என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. குருதிக்குச் செம்மை தரும் ஹீம் இதன் புரதங்களிலும் செறிந்திருப்பதால், நன்கு வளர்ந்த கலனின் கசடு செங்குருணைகளாகத் திரள்கிறது.

குறையென்றால் வளர்ச்சியின் மந்தமே. இட்லி மாவு ஓரிரவில் பொங்கிவிடும். இப்பாக்டீரியாவோ அக்கால ஆய்வகக் கலன்களில் இருமடங்காவதற்கே ஏறத்தாழ 11 நாள் எடுத்துக்கொண்டது. ஆகவே 2002இல் ரோட்டர்டாமில் தொடங்கப்பட்ட முதல் முழு அளவுக் கலன், கொள்ளளவு 70 கனமீட்டரே ஆயினும், முழுத்திறனை எட்ட மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று. எரிவாயுக் கலனை வரையும்போதே வடிநீருக்கும் இடமும் காலமும் ஒதுக்காத திட்டத்தை முழுமையானதென ஏற்க முடியாது. இயங்கும் கலன்களிலிருந்து வித்துக் கசடு பெற்றுத் தொடங்கும் பிற்கால நிலையங்களுக்கு அத்தனை ஆண்டுகள் தேவைப்படுவதுமில்லை.