பாரதி கேட்ட நூறு ரூபாய்

படம் எடுக்கவோ புத்தகம் போடவோ பொதுமக்களிடம் பணம் திரட்டுவது இன்று சாதாரணம். எவ்வளவு கேட்பது, யாரிடம் கேட்பது என்பதில்தான் பல முயற்சிகள் தட்டிப்போகின்றன. கரிசல் மண்ணில் பிறந்த ஒருவர் நூறாண்டுக்கு முன்பே இதைச் செய்து பார்த்திருக்கிறார்.

கோவில்பட்டியை அடுத்த எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, 1920-ல் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். புதுச்சேரி வாழ்க்கையில் எழுதியவற்றை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட வேண்டும். அதற்கு முதலில் 20,000 ரூபாய் தேவை. ஓரிரு ஆண்டில் ஒன்றரை லட்சம் ரூபாய் லாபம் நிச்சயம் என்றார். அவர் கேட்டது கடன்: ஆளுக்குக் குறைந்தது 100 ரூபாய். ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டு தருவார். வட்டி மாதம் 2 சதவீதம். உங்கள் நண்பர்கள் இருபது பேரையும் அனுப்பச் சொல்லுங்கள் என்றும் எழுதினார். ஆள் மூலம் ஆள் சேர்க்கும் இந்த உத்தியைத்தான் இன்றைய நிதி திரட்டல்களும் நம்பியிருக்கின்றன.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 4 லட்சம் பிரதி. முதலீட்டையும் லாபத்தையும் சேர்த்தால் பிரதிக்கு 7 அணா வந்தால் போதும். கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகாத அந்நாளிலேயே, தீப்பெட்டி போலத் தன் நூல்கள் விலைபோக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். வாசகனுக்கு இப்படிக் கணக்கில் வரும் விலை அந்த ஆசைக்குப் பொருந்துகிறது. ஆனால் பணம் போடுகிறவருக்கு வைத்த விலை 100 ரூபாய். 7 அணாவுக்குப் புத்தகம் வாங்கக்கூடிய ஆசிரியருக்கோ குமாஸ்தாவுக்கோ அந்தத் திட்டத்தில் நுழைய வாசலே இல்லை. 20,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி மட்டும் 4,800 ரூபாய். முதல் பிரதி விற்பதற்குள் அந்தச் சுமை தலையில் ஏறிவிடும். திட்டம் கைகூடவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார்.

வேறு வழி அப்போதே தமிழில் இருந்தது. உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, புத்தகம் வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். அங்கே வாங்குகிறவரும் ஆதரிப்பவரும் ஒருவரே. வட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. மாதம் 2 சதவீத வட்டி தந்தாவது தன் எழுத்து அச்சேற வேண்டும் என்று பாரதி தவித்ததை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

அதே எட்டயபுரத்தில் பின்னர் பாரதி மணிமண்டபத்துக்கு எழுத்தாளர் கல்கி நிதி கேட்டார். அவர் கையில் சொந்தப் பத்திரிகை இருந்தது. வேண்டுகோளை இதழ்தோறும் சொல்ல முடிந்தது. கேட்டது நன்கொடை, முடிந்ததைத் தரலாம். கட்டப்போகும் இடமும் கண்முன் இருந்தது. 1945-ல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார்; 1947-ல் அவரே திறந்துவைத்தார். மணிமண்டபம் எழுந்த பிறகு, பாரதி நூல்களின் உரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு வாங்கியது. பின்னர் அது பொதுவுடைமையானது. அவர் விரும்பிய மலிவுப் பதிப்புகளை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலை அதன் பிறகுதான் வந்தது.